டேட்டாபேஸ் சர்வரின் கான்ஃபிக் கோப்பைத் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நிறுவி வேலை பழகுகிறவர்கள் பல வருடங்களாக என்னிடம் கேட்டுவரும் சந்தேகங்கள் இவை. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடனோ இடைக்கோட்டுடனோ இருக்கும்.

கான்ஃபிக் கோப்பு என்றால் என்ன? அதை நான் ஏன் தொட வேண்டும்?

சர்வர் கிளம்பும்போது படித்துக்கொள்ளும் சாதாரண உரைக்கோப்பு அது. எந்தப் போர்ட்டில் (இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்க வேண்டும், எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ளலாம், தரவு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் இணையலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எதுவும் எழுதாவிட்டாலும் சர்வர் ஓடும். எல்லாவற்றுக்கும் அதனிடம் ஓர் இயல்பு மதிப்பு உண்டு: மைஎஸ்க்யூஎல்லுக்குப் போர்ட் 3306, இணைப்புகள் 151. போஸ்ட்கிரெஸுக்கு 5432, இணைப்புகள் 100. தேவை வரும்வரை தொடாமல் இருப்பதே நல்லது.

கோப்பு எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

விண்டோஸில் மைஎஸ்க்யூஎல்லின் கோப்புக்கு மை.ஐஎன்ஐ என்று பெயர். அதன் இன்ஸ்டாலர் வழியாகப் போட்டிருந்தால் சி டிரைவில் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும். அது மறைக்கப்பட்ட ஃபோல்டர். எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். பலர் புரோகிராம் ஃபைல்ஸில் தேடிவிட்டு "இல்லை" என்று சொல்வது இதனால்தான். ஸாம்ப் (வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி எல்லாம் சேர்ந்த தொகுப்பு) போட்டவர்களுக்கு ஸாம்ப் ஃபோல்டரில் மைஎஸ்க்யூஎல், அதற்குள் பின் என்ற ஃபோல்டரில் இருக்கும். (ஸாம்ப்பில் வருவது மரியாடிபி, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வளர்ந்த சர்வர். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். வேறுபடும் இடங்களைக் கீழே சொல்கிறேன்.)

லினக்ஸில் மை.சிஎன்எஃப் என்று பெயர், இடிசி ஃபோல்டரில் இருக்கும். உபுண்டுவில் அந்தக் கோப்பைத் திறந்தால் "வேறு ஃபோல்டர்களில் உள்ளவற்றையும் சேர்த்துக்கொள்" என்ற வரிகள்தான் பெரும்பாலும் இருக்கும். சர்வருக்கான உண்மையான அமைப்புகள் மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி ஃபோல்டரில் கிடக்கும். போஸ்ட்கிரெஸில் தேடவே வேண்டாம். உள்ளே நுழைந்து "ஷோ கான்ஃபிக்_ஃபைல்" என்று கேட்டால் முழுப் பாதையையும் அதுவே சொல்லிவிடும்.

ஒரே கம்ப்யூட்டரில் மூன்று மை.ஐஎன்ஐ கிடக்கிறது. எதைத் திருத்துவது?

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். மதிப்பைச் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள், ஆனால் சர்வர் படிக்காத கோப்பில் எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு நாள் முழுக்க ஒரு கோப்பைத் திருத்தித் திருத்திப் பார்த்திருந்தார். அது எப்போதோ நீக்கிய பழைய பதிப்பு விட்டுச்சென்ற கோப்பு.

ஊகம் வேண்டாம், சர்வரிடமே கேளுங்கள். விண்டோஸில் சர்வீசஸ் ஜன்னலைத் திறந்து, மைஎஸ்க்யூஎல் வரியை இருமுறை சொடுக்குங்கள். அதில் இயக்கப்படும் நிரலின் பாதை ஒரு நீண்ட வரியாக இருக்கும். அந்த வரியிலேயே "டிஃபால்ட்ஸ்-ஃபைல்" என்று போட்டு ஒரு கோப்பின் பாதை வரும். சர்வர் படிப்பது அதைத்தான், மற்ற இரண்டையும் மறந்துவிடலாம். பெட்டி சிறியதாக இருப்பதால் வரியின் முடிவு தெரியாது. உள்ளே சொடுக்கி வலப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள்.

லினக்ஸில் சர்வர் நிரலை "வெர்போஸ்", "ஹெல்ப்" என்ற இரண்டு விருப்பங்களோடு இயக்கினால், எந்தெந்தக் கோப்புகளை எந்த வரிசையில் படிக்கும் என்று தொடக்கத்திலேயே அச்சிடும். ஒரே அமைப்பு இரண்டு கோப்புகளில் இருந்தால் கடைசியாகப் படித்ததே நிற்கும்.

எதில் திறந்து திருத்துவது? முன்னால் ஏதாவது செய்ய வேண்டுமா?

முதலில் ஒரு நகல். அதே ஃபோல்டரில், பெயரின் கடைசியில் அன்றைய தேதியைச் சேர்த்து. இந்த ஒரு நிமிட வேலை இருந்தால் மற்ற எந்தத் தவறையும் திருப்பிவிடலாம்.

நோட்பேட், நோட்பேட்++, விஎஸ் கோட், நானோ என எந்த எளிய எடிட்டரும் போதும். வேர்டில் திறக்காதீர்கள். நேர் மேற்கோள்குறியை அது வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும், சர்வருக்கு அது மேற்கோளே கிடையாது. பழைய விண்டோஸ் நோட்பேடில் இன்னொரு சிக்கல் உண்டு. யுடிஎஃப்-8 என்று சேவ் செய்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். முதல் வரியில் ஒரு பிரிவின் தலைப்பு இருப்பது நம் கண்ணுக்குத் தெரியும், சர்வரோ "முதல் வரியிலேயே பிரிவு இல்லாமல் ஓர் அமைப்பு இருக்கிறது" என்று நின்றுவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் இதைத் தானாகச் செய்வதில்லை.

புதிதாகக் கோப்பு உருவாக்குகிறவர்கள் பெயரைக் கவனியுங்கள். எக்ஸ்ப்ளோரர் நீட்சியை மறைத்து வைத்திருந்தால், மை.ஐஎன்ஐ என்று நீங்கள் பார்ப்பது உண்மையில் மை.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி ஆக இருக்கலாம்.

சேவ் செய்தால் அனுமதி இல்லை என்கிறது.

நோட்பேடை வலது சொடுக்கி அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பைத் திறங்கள். லினக்ஸில் சூடோ, அதாவது நிர்வாகி உரிமையோடு இயக்கும் கட்டளை. டெஸ்க்டாப்பில் சேவ் செய்து பிறகு இழுத்துப் போடும் வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை, கோப்பின் அனுமதிகள் மாறிப்போக வாய்ப்பு உண்டு.

சில பழைய 32-பிட் எடிட்டர்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். அனுமதி கேட்காமலே சேவ் ஆகிவிடும், ஆனால் கோப்பு மாறாது. விண்டோஸ் அந்த மாற்றத்தை உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் தனி நகலாக எழுதி வைத்துவிடும். அதே எடிட்டரில் மறுபடி திறந்தால் உங்கள் திருத்தம் இருக்கும், சர்வர் பார்ப்பதோ பழைய கோப்பை. சந்தேகம் வந்தால் வேறு எடிட்டரில் திறந்து ஒப்பிடுங்கள்.

லினக்ஸில் சிலர் கோபத்தில் கோப்புக்கு 777 என்ற அனுமதியைக் கொடுத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கான்ஃபிக் கோப்பை மைஎஸ்க்யூஎல் பாதுகாப்புக்காக ஒதுக்கிவிடும். ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு, கோப்பே இல்லாததுபோல் கிளம்பும். 644 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) போதும்.

சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரிகள் எதற்கு?

மைஎஸ்க்யூஎல்லின் கோப்பு பிரிவுகளாக இருக்கும். [மைஎஸ்க்யூஎல்டி] என்பதன் கீழ் இருப்பது சர்வருக்கு. [கிளையண்ட்] என்பது இணையும் நிரல்கள் எல்லாவற்றுக்கும். [மைஎஸ்க்யூஎல்] என்பது கட்டளைவரி நிரலுக்கு மட்டும். கடைசியில் உள்ள அந்த ஒற்றை 'டி' எழுத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோப்பின் அடியில் புது வரியைச் சேர்த்தால் அது கடைசிப் பிரிவுக்குள் போய்விழும். அது வேறொரு நிரலுக்கான பிரிவாக இருந்தால் சர்வர் உங்கள் வரியைப் பார்க்கவே பார்க்காது.

போஸ்ட்கிரெஸில் பிரிவுகள் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது வரியின் தலையில் உள்ள # குறி. கோப்பில் பெரும்பாலான வரிகள் அந்தக் குறியோடுதான் இருக்கும், இயல்பு மதிப்பைத் தெரிவிப்பதற்காக. எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் குறியை எடுக்க மறந்தால், அது இன்னும் குறிப்புதான்.

சேவ் பண்ணிட்டேன். ஒன்றுமே மாறவில்லையே?

சர்வர் கிளம்பும்போதுதான் படிக்கும் என்று முதல் பதிலில் சொன்னேன். மைஎஸ்க்யூஎல் என்றால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வொர்க்பெஞ்ச் என்பது சர்வரோடு இணையும் தனி நிரல், அதை மூடித் திறப்பது ரீஸ்டார்ட் ஆகாது.

போஸ்ட்கிரெஸில் இரண்டு வகை. வொர்க்_மெம் போன்றவற்றுக்கு ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் கோப்பை மறுபடி படிக்கச் செய்வது) போதும், ஓடும் வேலை எதுவும் நிற்காது. ஷேர்ட்_பஃபர்ஸ், போர்ட், மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ், லிசன்_அட்ரஸஸ் போன்றவற்றுக்கு ரீஸ்டார்ட் வேண்டும். பிஜி_செட்டிங்ஸ் என்ற பட்டியலில் பெண்டிங்_ரீஸ்டார்ட் என்று ஒரு நெடுவரிசை உண்டு. ரீலோட் செய்தபின் அது 'ட்ரூ' என்று காட்டினால், எழுதியது சேர்ந்துவிட்டது, ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

மாற்றம் ஏறியதா என்று எப்படி உறுதி செய்வது?

கோப்பைத் திறந்து பார்த்து உறுதி செய்யக் கூடாது. கோப்பு நீங்கள் எழுதியதைத்தான் காட்டும். மைஎஸ்க்யூஎல்லில் "ஷோ வேரியபிள்ஸ் லைக்" என்று கேளுங்கள், போஸ்ட்கிரெஸில் "ஷோ" என்று கேளுங்கள். இப்போது நடப்பில் இருக்கும் மதிப்பு வரும்.

மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க முடியும். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவுக்குள் இருக்கும் வேரியபிள்ஸ்_இன்ஃபோ அட்டவணை கோப்பின் பாதையோடு காட்டும். போஸ்ட்கிரெஸின் பிஜி_செட்டிங்ஸ் ஒரு படி மேலே போய் வரி எண்ணையும் தரும். இந்த இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒரு விஷயத்தில் குழம்ப வேண்டாம். இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ் (மைஎஸ்க்யூஎல் தரவை வைத்துக்கொள்ள எடுக்கும் மெமரி) என்பதற்கு 200எம் என்று எழுதியவருக்கு 268435456 என்று வரலாம். அது 256 மெகாபைட். அந்த மெமரியை சர்வர் 128 மெகாபைட் துண்டுகளாகத்தான் எடுக்கும், அதனால் அடுத்த முழுத் துண்டுக்கு ஏற்றிக்கொள்கிறது.

512எம்பி என்று எழுதினேன், சர்வர் கிளம்ப மறுக்கிறது. எண் அதிகமா?

எண் சரி, 'பி'தான் தவறு. மைஎஸ்க்யூஎல்லுக்கு கே, எம், ஜி என்ற ஒற்றை எழுத்து மட்டும் வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு முழு அலகு வேண்டும்: எம்பி, ஜிபி. அங்கே கிலோபைட்டுக்குச் சிறிய 'கே'யும் பெரிய 'பி'யும், எழுத்தின் அளவு மாறினால் ஏற்காது. இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஒன்றின் பழக்கத்தில் மற்றொன்றில் எழுதிவிடுகிறார்கள்.

ரீஸ்டார்ட் செய்தேன், சர்வர் எழவே மாட்டேன் என்கிறது. 1067 என்று ஒரு எண் மட்டும் வருகிறது.

1067 என்பது விண்டோஸ் சொல்வது. "கிளம்பிய நிரல் நின்றுவிட்டது" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. காரணம் எரர் லாகில், அதாவது சர்வர் தன் பிழைகளை எழுதி வைக்கும் கோப்பில் இருக்கும். மைஎஸ்க்யூஎல் விண்டோஸில் தரவு ஃபோல்டருக்குள், பெரும்பாலும் கம்ப்யூட்டரின் பெயரோடு, .ஈஆர்ஆர் என்ற நீட்சியில் அதை வைத்திருக்கும். அடியிலிருந்து மேலாகப் படியுங்கள். எரர் என்று குறியிட்ட வரிகளில், இந்தமுறை கிளம்பியபோது முதலில் வந்தது எதுவோ அதுதான் காரணம். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அதன் விளைவு. போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது என்று இருந்தால், ஸாம்ப்பும் தனி மைஎஸ்க்யூஎல்லும் 3306-க்குப் போட்டி போடுகின்றன. ஒன்றை நிறுத்துங்கள், அல்லது ஒன்றின் போர்ட்டை மாற்றுங்கள்.

லாகில் எதுவுமே இல்லையென்றால், லாகைத் திறப்பதற்கு முன்பே நின்றிருக்கிறது. அப்போது கமாண்ட் பிராம்ப்ட்டில் சர்வர் நிரலை "கன்சோல்" என்ற விருப்பத்தோடு, மேலே சொன்ன டிஃபால்ட்ஸ்-ஃபைல் பாதையையும் கொடுத்து நேரடியாக இயக்கினால், பிழை கண்முன்னே அச்சாகும்.

இன்னும் நல்லது, ரீஸ்டார்ட்டுக்கு முன்பே சோதித்துவிடுவது. மைஎஸ்க்யூஎல் 8.0.16 முதல் "வேலிடேட்-கான்ஃபிக்" என்ற விருப்பம் இருக்கிறது. சர்வரைக் கிளப்பாமல் கோப்பை மட்டும் படித்துக் குறை சொல்லும். மரியாடிபியில் இது இல்லை. போஸ்ட்கிரெஸில் பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் என்று கேட்டால் கோப்பின் ஒவ்வொரு அமைப்பையும் அதில் உள்ள பிழையோடு காட்டும்.

"வேகமாக்கும் அமைப்புகள்" என்று கிடைத்த இருபது வரிகளை அப்படியே ஒட்டினேன். அதிலிருந்துதான் பிரச்சினை.

அந்த வரிகள் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டவை என்று பாருங்கள். குவெரி_கேஷ்_சைஸ் என்பது மைஎஸ்க்யூஎல் 8.0-இல் அடியோடு நீக்கப்பட்டது. சர்வர் அதைக் கண்டுகொள்ளாமல் விடாது, தெரியாத பெயர் என்று சொல்லிக் கிளம்ப மறுக்கும். எஸ்க்யூஎல்_மோடில் நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர் என்று எழுதினாலும் இதே கதி. பழைய பதிப்பின் மை.ஐஎன்ஐயை அப்படியே புதியதற்குக் கொண்டுவருகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றில் கட்டாயம் இடறுவார்கள்.

இருபதையும் நீக்கிவிட்டு, உங்களுக்கு உண்மையிலேயே தேவையானது எது என்று பார்த்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரு மாற்றம், ஒரு ரீஸ்டார்ட், ஒரு சரிபார்ப்பு. இருபதை ஒன்றாக மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று தேடுவதற்கு ஆகும் நேரத்தை விட இது குறைவுதான்.

என் கம்ப்யூட்டரில் 8 ஜிபி மெமரி. டேட்டாபேஸுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

எண்பது சதவீதம் வரை கொடுக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது டேட்டாபேஸை மட்டுமே ஓட்டும் கம்ப்யூட்டருக்கு. உங்களுடையதில் பிரவுசரும் எடிட்டரும் சேர்ந்து ஓடுகின்றன. மெமரி போதாமல் போனால் விண்டோஸ் டிஸ்கைப் பயன்படுத்தத் தொடங்கும், அப்போது டேட்டாபேஸ் முன்பைவிட மெதுவாகிவிடும். பழகும் வேலைக்கு இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸின் இயல்பான 128 மெகாபைட்டே தாங்கும். தரவு பெரிதென்றால் 1 ஜிபி வரை போய்ப் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸில் நான் அதிகம் எச்சரிப்பது வொர்க்_மெம் பற்றி. அதன் இயல்பு 4 மெகாபைட் என்பது சர்வர் முழுமைக்குமான கணக்கு இல்லை. ஒரு குவெரியில் வரிசைப்படுத்தும் படி ஒவ்வொன்றும் அவ்வளவு எடுக்கலாம். அதை 512 ஆக்கினால், நான்கு படி உள்ள ஒரே குவெரி 2 ஜிபி கேட்கக்கூடும். இரண்டு பேர் ஓட்டினால் 4.

பெரிய எஸ்க்யூஎல் கோப்பை ஏற்றும்போது "சர்வர் போய்விட்டது" என்று பாதியில் அறுந்துவிடுகிறது.

2006 என்ற பிழை எண்ணோடு வந்தால், பெரும்பாலும் மேக்ஸ்_அலவ்ட்_பேக்கெட் போதவில்லை. ஒரே கட்டளை எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதன் எல்லை அது. மைஎஸ்க்யூஎல் 5.7-இல் 4 மெகாபைட், 8.0-இல் 64. அதிகபட்சம் 1 ஜிபி. கட்டளைவரி நிரலுக்கு என்று தனியாக 16 மெகாபைட் எல்லை உண்டு. அதனால் [மைஎஸ்க்யூஎல்டி], [மைஎஸ்க்யூஎல்] இரண்டிலும் உயர்த்துங்கள்.

பிஎச்பிமைஅட்மின் (பிரவுசரில் டேட்டாபேஸைக் கையாளும் நிரல்) வழியாக ஏற்றும்போது "கோப்பு பெரியது" என்று வந்தால் அது வேறு. அந்த எல்லை பிஎச்பி.ஐஎன்ஐயில் இருக்கிறது, மை.ஐஎன்ஐயில் என்ன எழுதினாலும் மாறாது.

தமிழில் சேமித்ததெல்லாம் கேள்விக்குறிகளாக வருகிறது. கான்ஃபிக் கோப்பில் மாற்றினால் சரியாகுமா?

இனி உருவாக்குவது சரியாகும், ஏற்கனவே இருப்பது ஆகாது. மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பு எழுத்துத்தொகுதி லத்தீன்1. அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. 8.0 முதல் யுடிஎஃப்8எம்பி4. பழைய பதிப்பில் [மைஎஸ்க்யூஎல்டி]யின் கீழ் கேரக்டர்-செட்-சர்வர் என்பதற்கு அந்த மதிப்பை எழுதலாம். ஆனால் அது புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்குத்தான். இருக்கும் அட்டவணைகளை ஆல்டர் டேபிள் கட்டளையால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஹெக்ஸ் என்ற சார்பைக் கொண்டு அந்த நெடுவரிசையைப் பாருங்கள். தமிழ் எழுத்து யுடிஎஃப்-8-இல் மூன்று பைட், ஒவ்வொரு மூன்றும் இ0 என்று தொடங்கும். "தமிழ்" என்ற சொல்லுக்கு 15 பைட் வர வேண்டும், ழகரத்தின் புள்ளிக்கும் மகரத்தின் கொக்கிக்கும் சேர்த்து. அப்படி வந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, இணைப்பின் எழுத்துத்தொகுதிதான் தவறு. 3எஃப், 3எஃப் என்று வரிசையாக வந்தால், உள்ளே இருப்பது நிஜமாகவே கேள்விக்குறி. அதை எந்த அமைப்பாலும் மீட்க முடியாது, மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

வீட்டிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து இணைய முடியவில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் பைண்ட்-அட்ரஸ், போஸ்ட்கிரெஸில் லிசன்_அட்ரஸஸ். 127.0.0.1 அல்லது லோக்கல்ஹோஸ்ட் என்றிருந்தால் அதே கம்ப்யூட்டருக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. அதை மாற்றிய பிறகும் வரவில்லையென்றால் பிழை எண்ணைப் பாருங்கள். 2003 என்றால் சர்வரையே எட்டவில்லை: ஃபயர்வாலையும் போர்ட்டையும் பாருங்கள். 1130 என்றால் எட்டிவிட்டது, அந்த முகவரியிலிருந்து வர அனுமதி உள்ள பயனர் யாரும் இல்லை. அது கான்ஃபிக் கோப்பின் வேலை கிடையாது, பயனரை உருவாக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ற இரண்டாவது கோப்பிலும் அனுமதி தர வேண்டும். அதில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரியே முடிவு, அதன் கீழே எழுதியது கணக்கில் வராது.

தரவு ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்ற பாதையைத் திருத்தினேன். ஃபோல்டரே இல்லை என்கிறது.

விண்டோஸ் பாதையில் வரும் பின்சாய்வுக்கோடு மை.ஐஎன்ஐயில் சிறப்புக் குறி. அதற்குப் பின்னால் 'டி' (t) எழுத்து வந்தால் டேப், 'என்' வந்தால் புதிய வரி. 'டெஸ்ட்' என்ற ஃபோல்டரின் முதல் எழுத்து இப்படித்தான் காணாமல் போகிறது. முன்சாய்வுக்கோடு போடுங்கள், விண்டோஸிலும் அது செல்லும்.

சர்வரை நிறுத்தியபின் நகலெடுங்கள், சர்வீஸ் இயங்கும் கணக்குக்குப் புது ஃபோல்டரில் எழுதும் உரிமை கொடுங்கள். உபுண்டுவில் உரிமையெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் ஆப்ஆர்மர் (எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு) தடுக்கிறது, அதிலும் புதுப் பாதையைச் சேர்க்க வேண்டும். புது இடத்தில் சில நாள் ஓடும்வரை பழைய ஃபோல்டரை அழிக்காதீர்கள்.

சரியான கோப்பு, சரியான பிரிவு, ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. இன்னும் பழைய மதிப்பே வருகிறது.

அப்படியானால் வேறொரு கோப்பு உங்கள் கோப்பை மீறுகிறது. மைஎஸ்க்யூஎல் 8.0-இல் யாராவது "செட் பெர்சிஸ்ட்" கட்டளை கொடுத்திருந்தால், அது தரவு ஃபோல்டரில் மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப் என்ற கோப்பில் பதிவாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியாகப் படிக்கப்படுவதால் அது சொல்வதே நிற்கும். போஸ்ட்கிரெஸில் "ஆல்டர் சிஸ்டம்" கொடுத்தால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் கோப்பில் எழுதப்பட்டு இதேபோல் வெல்லும். மூலத்தைக் காட்டும் அட்டவணைகளை மேலே சொன்னேன் அல்லவா, அவை இந்தக் கோப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கையால் இவற்றைத் திருத்த வேண்டாம். "ரீசெட் பெர்சிஸ்ட்" அல்லது "ஆல்டர் சிஸ்டம் ரீசெட்" என்று அமைப்பின் பெயரோடு கொடுத்தால், அந்தப் பதிவு போய்விடும்.

லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் மட்டும் மாற்றினேன். அதற்கு ஏன் சர்வரே எழவில்லை?

அட்டவணைப் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்துகளை எப்படிக் கையாள்வது என்பதைச் சொல்லும் அமைப்பு இது. மைஎஸ்க்யூஎல் 8.0-இல் அந்த மதிப்பு சர்வரை முதன்முதலாக அமைக்கும்போதே தரவு அகராதியில் (அட்டவணைகளின் விவரங்களை சர்வர் வைக்கும் இடம்) பதிந்துவிடுகிறது. பிறகு கோப்பில் வேறு மதிப்பு இருந்தால், இரண்டும் பொருந்தவில்லை என்று சர்வர் கிளம்பாது. பழைய மதிப்பை வைத்துக் கிளப்புங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் தரவை டம்ப் எடுத்து (எஸ்க்யூஎல் கோப்பாக வெளியே எடுத்து), புது மதிப்போடு புதிதாக அமைத்து, திரும்ப ஏற்றுவது ஒன்றே வழி.

ரூட் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ் என்று எழுதினால் போதும் என்கிறார்களே?

போதும்தான், ஆனால் அந்த வரி இருக்கும்வரை யாரும் பாஸ்வேர்ட் இல்லாமல் எல்லா உரிமையோடும் உள்ளே வரலாம். 8.0-இல் சர்வர் தானாகவே நெட்வொர்க் இணைப்பை மூடிக்கொள்ளும், பழைய பதிப்புகளில் அதுவும் கிடையாது. இதை எழுதி, உள்ளே போய், பாஸ்வேர்டை மாற்றி, வரியை அப்படியே மறந்துவிட்ட கம்ப்யூட்டர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனிட்-ஃபைல் வழியைப் பரிந்துரைக்கிறேன். பாஸ்வேர்டை மாற்றும் "ஆல்டர் யூசர்" கட்டளையை ஒரு சிறிய கோப்பில் எழுதி, இனிட்-ஃபைல் விருப்பத்தில் அதன் பாதையைக் கொடுத்து ஒருமுறை கிளப்புங்கள். சர்வர் எழும்போதே அந்தக் கட்டளையை நிறைவேற்றிவிடும், கதவு ஒரு கணமும் திறந்து கிடக்காது. புதுப் பாஸ்வேர்டில் நுழைய முடிகிறது என்று பார்த்ததும், அந்தச் சிறிய கோப்பை அழித்துவிடுங்கள். அதில் உங்கள் பாஸ்வேர்ட் வெளிப்படையாக எழுதியிருக்கிறது.